குட்டி யானைக்கு எத்தனை குதிரை?

மாணவ நண்பர்களே, முதலில் ஒரு புதிர்.

தஞ்சை மாவட்டத்துத் திருப்பனந்தாளில் சம்பா அறுவடை நடக்கும் நாட்களில் கடைத்தெரு ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். கும்பகோணத்திலிருந்து சோழபுரம், திருப்பனந்தாள் வழியாக அணைக்கரைக்குப் போகும் சாலை அது. நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்தை நோக்கிச் சிறுசிறு சரக்கு வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றில் பலவற்றை நம் மக்கள் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கிறார்கள். அதன் உண்மைப் பெயர் டாடா ஏஸ். 2005-ஆம் ஆண்டு மே மாதம் விற்பனைக்கு வந்த முதல் குட்டி யானையின் எஞ்சின் 16 குதிரைத்திறன் கொண்டது. அது ஏற்ற வேண்டிய சுமை 750 கிலோ. கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள் அல்லவா? அந்தக் கணக்கில் 18 மூட்டை.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே விவசாயிகளும் தச்சர்களும் வைத்திருக்கும் திறந்த தட்டு வண்டிக்கு 'பிக்கப்' என்று பெயர். முன்னால் காரைப் போன்ற இருக்கை. பின்னால் சரக்கு வைக்கும் தட்டு. அங்கே மிகவும் புகழ்பெற்ற ஃபோர்டு எஃப்-150 வண்டியில் 2011-ஆம் ஆண்டு பொருத்தப்பட்ட ஓர் எஞ்சின் 365 குதிரைத்திறன் கொண்டது. சரி, அந்த வண்டி தன் தட்டில் எவ்வளவு சுமக்கும்? சாதாரண ரகங்கள் 700 முதல் 1000 கிலோ வரை சுமக்கும்.

கவனித்தீர்களா? சுமை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒன்றுக்கு 16 குதிரை. மற்றொன்றுக்கு 365 குதிரை. ஏறத்தாழ 23 மடங்கு! அமெரிக்க எஞ்சின் வீணா? அல்லது நம் குட்டி யானை ஏதாவது மாயம் செய்கிறதா? இரண்டும் இல்லை. குதிரைத்திறன் என்பது எதை அளக்கிறது என்று புரிந்துகொண்டால் புதிர் தானே அவிழும்.

ஒரு ஜோடி மாடும் ஒரு குதிரைத்திறனும்

நீராவி எஞ்சினைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட், தம் எஞ்சின் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று சொல்லி விற்க வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்த அளவே குதிரைத்திறன். இன்றைய கணக்கில் ஒரு குதிரைத்திறன் 746 வாட். 40 கிலோ நெல் மூட்டை ஒன்றை ஒரே நொடியில் 1.9 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இவ்வளவு திறன் வேண்டும்.

பாடப்புத்தகத்தில் படித்த சூத்திரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

திறன் = விசை × திசைவேகம்

ஒரு ஜோடி உழவு மாடுகள் சுமார் 700 நியூட்டன் விசையோடு, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் பார வண்டியை இழுக்கின்றன என்று கொள்வோம். திறன் எவ்வளவு? 700 × 1 = 700 வாட். அதாவது ஏறக்குறைய ஒரு குதிரைத்திறன். அந்த ஒரு குதிரைத்திறனைக் கொண்டே காவிரிக் கரை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக நெல்லைக் களத்திலிருந்து ஊருக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களிடம் குறைவாக இருந்தது வேகம் மட்டுமே.

ஆகவே முதல் பாடம் இது. எவ்வளவு சுமக்கலாம் என்பதைக் குதிரைத்திறன் தனியாகத் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு வேகமாகச் சுமக்கலாம் என்பதையே அது தீர்மானிக்கிறது.

காகிதத்தில் ஒரு பயணம்

இதை எண்களால் சோதித்துப் பார்ப்போம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுச் சுமையோடு நம் குட்டி யானையின் மொத்த எடை 1550 கிலோ. நல்ல தார்ச்சாலையில் உருளும் டயர்களின் எதிர்ப்பு, வண்டியின் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். 1550 × 9.8 × 0.015 என்று பெருக்கினால் சுமார் 230 நியூட்டன் வரும். சமதளத்தில் இது வேகத்தோடு அதிகம் மாறாது.

அடுத்தது காற்று. சைக்கிளில் எதிர்காற்றில் மிதித்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். இந்த அளவுள்ள வண்டிக்கு மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பு சுமார் 70 நியூட்டன் என்று மதிப்பிடலாம்.

மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். மொத்த எதிர்ப்பு 230 + 70 = 300 நியூட்டன். தேவைப்படும் திறன் 300 × 10 = 3000 வாட். வெறும் 4 குதிரைத்திறன்!

மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் காற்றின் எதிர்ப்பு 280 நியூட்டன் ஆகிவிடும். (230 + 280) × 20 = 10,200 வாட். சுமார் 14 குதிரைத்திறன். கியரிலும் அச்சிலும் வீணாகும் பங்கையும் சேர்த்தால், 16 குதிரை எஞ்சின் இங்கே மூச்சுத் திணறத் தொடங்கிவிடும்.

மணிக்கு 108 கி.மீ. வேகத்தில்? காற்று மட்டும் 630 நியூட்டன். (230 + 630) × 30 = 25,800 வாட். சுமார் 35 குதிரைத்திறன். வேகம் மூன்று மடங்கு. செலவாகும் திறனோ எட்டு மடங்குக்கும் மேல்!

இப்போது மலைச் சாலையில் ஏற்றுவோம். பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் சரிவு என்றால், வண்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு பின்னோக்கி இழுக்கும். அது சுமார் 1520 நியூட்டன். டயரின் எதிர்ப்பையும் சேர்த்து 1750 நியூட்டன். மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் மெல்ல ஏறவே சுமார் 12 குதிரைத்திறன் தேவைப்படும்.

திருப்பனந்தாள் வட்டாரத்தில் மலை உண்டா? மண்ணியாற்றுப் பாலத்தின் மேடுதான் அங்கே பெரிய ஏற்றம்! காவிரியும் கொள்ளிடமும் வண்டல் கொட்டி நிரவிய சமவெளி அது. வயலிலிருந்து கொள்முதல் நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் தூரம். அங்கே 16 குதிரை தாராளம். அமெரிக்க விவசாயியின் நிலைமை வேறு. அவர் பக்கத்து நகரத்துக்கு மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பின்னால் மாட்டு டிரெய்லரையோ படகையோ கட்டி இழுக்க வேண்டும். நாம் சொன்ன 2011 எஃப்-150 வண்டி தக்க அமைப்புகளோடு 5 டன் வரை டிரெய்லர் இழுக்கும். போதாக்குறைக்கு அந்த வண்டியின் சொந்த எடையே இரண்டு டன்னுக்கு மேல்! அந்தக் குதிரைகளில் பாதி, வண்டியைச் சுமக்கவே தேவைப்படுகின்றன என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

281 டாலர் பிக்கப்

அமெரிக்கப் பிக்கப் எப்போதும் இவ்வளவு பெரியதாக இருந்ததா? இல்லை. அதன் பிறப்பும் நம் குட்டி யானையின் பிறப்பைப் போல எளிமையானதுதான்.

ஹென்றி ஃபோர்டின் 'மாடல்-டி' கார் 1908-இல் வந்தது. விவசாயிகள் அதை வாங்கி, பின்பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டு மரப்பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டார்கள். உருளைக்கிழங்கும் தீவனமும் அதில் சந்தைக்குப் போயின. இதைக் கவனித்த ஃபோர்டு நிறுவனம், 1925-இல் தட்டோடு சேர்த்தே வண்டியைத் தயாரித்து விற்றது. விலை 281 டாலர். 2.9 லிட்டர் எஞ்சின்; 20 குதிரைத்திறன். நம் குட்டி யானையைவிட நான்கு குதிரைதான் அதிகம்!

பிறகு போட்டி தொடங்கியது. 1929-இல் ஷெவர்லே நிறுவனம் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு வந்தது. அதில் வால்வுகள் சிலிண்டரின் தலைப்பகுதியில் இருந்தன. 1932-இல் ஃபோர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு பதில் சொன்னது. எட்டையும் ஒரே வரிசையில் வைத்தால் எஞ்சின் நீண்டுவிடும். ஆகவே நான்கு நான்காகப் பிரித்து, ஆங்கில எழுத்து 'வி' போலச் சாய்த்து வைத்தார்கள். 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். இதுதான் வி-8. 1955-இல் ஷெவர்லே தன் பிக்கப்களிலும் 4.3 லிட்டர் வி-8 எஞ்சினைக் கொடுத்தபோது திறன் 140 குதிரையைத் தாண்டிவிட்டது.

பெட்ரோல் மலிவு, சாலைகள் அகலம். இந்த இரண்டும் எஞ்சினை ஊதிப் பெருக்க வைத்தன. இன்னொரு வேடிக்கையான காரணமும் உண்டு. அது கோழி! ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டன. பதிலடியாக அமெரிக்கா 1964-இல் வெளிநாட்டுச் சிறு சரக்கு வண்டிகளுக்கு நூற்றுக்கு 25 வீதம் இறக்குமதி வரி விதித்தது. கோழிச் சண்டை தீர்ந்த பிறகும் அந்த வரி நீடித்தது. சிறிய வெளிநாட்டு வண்டிகளின் போட்டி குறைந்ததால் பெரிய பிக்கப்கள் செழித்து வளர்ந்தன.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. பெட்ரோல் பங்குகளில் அமெரிக்கர்கள் வரிசையில் நின்றார்கள். 'எத்தனை குதிரை?' என்று மட்டும் கேட்டவர்கள், 'எத்தனை மைல்?' என்றும் கேட்கத் தொடங்கினார்கள். 1989-ஆம் ஆண்டின் டாட்ஜ் பிக்கப்பில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின் வந்தது. குதிரைத்திறன் 160 மட்டுமே. ஆனால் அசுர இழுவை. 2011-இல் ஃபோர்டு, வி-8 இருந்த இடத்தில் 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து 365 குதிரைத்திறனை எடுத்துக் காட்டியது. எஞ்சின் சிறுத்தது, திறன் பெருத்தது. எப்படி?

ஒரு லிட்டரில் எத்தனை குதிரை?

கீழே உள்ள பட்டியலைப் பாருங்கள்.

மாடல்-டி பிக்கப் (1925): 2.9 லிட்டர், 20 குதிரை. லிட்டருக்கு 7.
ஃபோர்டு வி-8 (1932): 3.6 லிட்டர், 65 குதிரை. லிட்டருக்கு 18.
டாடா ஏஸ் (2005): 0.7 லிட்டர், 16 குதிரை. லிட்டருக்கு 23.
எஃப்-150 (2011): 3.5 லிட்டர், 365 குதிரை. லிட்டருக்கு 104.

சிலிண்டர் என்பது ஒரு சிறிய அடுப்பு. எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது, அதை எவ்வளவு அழுத்துகிறது, நிமிடத்துக்கு எத்தனை முறை எரிக்கிறது என்ற மூன்றையும் பொறுத்தே அதன் திறன் அமைகிறது.

மாடல்-டி எஞ்சின், காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைச் சுமார் நான்கில் ஒரு பங்காக அழுத்தியது. அன்றைய பெட்ரோல் அதற்கு மேல் அழுத்தினால் தாறுமாறாக வெடித்து, 'டக் டக்' என்று தட்டும். எரிபொருள் தரம் உயர உயர அழுத்தத்தையும் உயர்த்த முடிந்தது. வால்வுகள் பக்கவாட்டிலிருந்து தலைக்கு ஏறியதால் காற்று வளையாமல் நேராக உள்ளே பாய்ந்தது. உலோகங்கள் உறுதியாகி எடை குறைந்ததால் எஞ்சின் வேகமாகச் சுழன்றது. கடைசியாக வந்தது 'டர்போ'. வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் சின்னஞ்சிறு விசிறி ஒன்று, சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கிறது. கொல்லன் உலைக்குத் துருத்தி ஊதுவது போலத்தான்!

கரி தின்ற வண்டிகள்

நம் நாட்டுக்கும் அமெரிக்க வண்டிகள் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-லேயே பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. ஷெவர்லே, ஃபோர்டு லாரிகளும் பஸ்களும் தமிழகச் சாலைகளில் ஓடின. எல்லாம் பெட்ரோல் வண்டிகள்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம் வந்தது. வண்டிகள் நின்றுவிட்டனவா? இல்லை! மதுரையின் டி.வி. சுந்தரம் அய்யங்கார், கரியிலிருந்து வாயு தயாரிக்கும் கலத்தை உருவாக்கி வண்டிகளுக்குக் கொடுத்தார். கரியைப் போதிய காற்றில்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அது எரியக்கூடிய வாயு. அதைக் குழாய் வழியே எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். திறன் குறைந்துவிடும் என்பது உண்மை. ஆனாலும் ஊர் போய்ச் சேரலாம்.

போருக்குப் பின் டீசலின் காலம் வந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அழுத்தினால் காற்று சூடாகும். டீசல் எஞ்சின் காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அதிக அழுத்தத்தால் எரிபொருளின் ஆற்றலில் அதிகப் பங்கு வேலையாக மாறுகிறது. 1950-களில் சென்னைச் சிம்ப்சன் நிறுவனம், இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் பி-6 டீசல் எஞ்சின்களைத் தயாரித்தது. பல பெட்ரோல் லாரிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினார்கள்.

அமெரிக்க ஜீப்பின் கதையும் இப்படித்தான். போர்க்களத்தில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் 2.2 லிட்டர், 60 குதிரை பெட்ரோல் எஞ்சின் இருந்தது. மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் பம்பாயில் ஜீப்களைப் பூட்டத் தொடங்கியது. பின்னர் அவற்றுக்கும் டீசல் எஞ்சின் வந்தது. 1980-களில் பிரான்சு நாட்டுப் பெஷோ நிறுவனத்தின் டீசல் எஞ்சினை உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். 1988-இல் டாடா நிறுவனம் உள்நாட்டிலேயே வடிவமைத்த பிக்கப்பை 'டாடா மொபைல்' என்ற பெயரில் வெளியிட்டது.

பாதியாக வெட்டிய எஞ்சின்

லாரி பெரியது, விலை அதிகம், குறுகிய வண்டிப்பாதையில் நுழையாது. மூன்று சக்கர வண்டி நுழையும். ஆனால் சுமை கூடினால் ஆடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. அதை நிரப்ப வந்ததுதான் டாடா ஏஸ்.

அதன் எஞ்சினில் ஒரு சாமர்த்தியம் உண்டு. டாடா இண்டிகா காரில் நான்கு சிலிண்டர் கொண்ட 1.4 லிட்டர் டீசல் எஞ்சின் இருந்தது. அதை இரண்டாக வெட்டியது போல இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்தார்கள். நீங்களே கணக்கிடலாம். சிலிண்டரின் விட்டம் 75 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 79.5 மி.மீ. உருளையின் கன அளவு காணும் சூத்திரத்தில் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 351 கன சென்டிமீட்டர் வரும். இரண்டுக்கு 702. அமெரிக்க டாட்ஜ் பிக்கப்பின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சினில் ஒரே ஒரு சிலிண்டரின் அளவு 983 கன சென்டிமீட்டர். நம் குட்டி யானையின் முழு எஞ்சினும் அந்த ஒரு சிலிண்டருக்குள் அடங்கிவிடும்!

இந்த எஞ்சினின் முறுக்குவிசை 38 நியூட்டன்-மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் திருப்பம் இது. உங்கள் கையாலேயே செய்துவிடலாம். இதைக் கொண்டு ஒன்றரை டன் எப்படி நகர்கிறது?

கியர்தான் விடை. கடப்பாரையால் பெரிய கல்லைப் புரட்டுகிறோமே, அதே தத்துவம். நம் கை அதிக தூரம் நகர்கிறது, கல் கொஞ்சமாக நகர்கிறது, விசை பெருகுகிறது. முதல் கியரில் எஞ்சின் 20 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றுகிறது என்று கொள்வோம். முறுக்குவிசை 38 × 20 = 760 நியூட்டன்-மீட்டர் ஆகிவிடும். சக்கரத்தின் ஆரம் கால் மீட்டர் என்றால், தரையில் கிடைக்கும் தள்ளுவிசை சுமார் 3000 நியூட்டன். மலையேற வேண்டியது 1750 நியூட்டன்தானே? உராய்வில் கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கிறது. வேகத்தைக் கொடுத்துவிட்டு விசையை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்றுதான் கியர்.

குட்டி யானையின் வெற்றியைக் கண்டு பிற நிறுவனங்களும் வந்தன. 2011-இல் அசோக் லேலண்டு, நிஸானோடு சேர்ந்து நம் ஓசூரில் 'தோஸ்த்' வண்டியைத் தயாரித்தது. 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், சுமார் 55 குதிரை, ஒன்றேகால் டன் சுமை. மூட்டைக் கணக்கில் 31.

இழுப்பது எஞ்சின், நிறுத்துவது யார்?

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

வானம் இருண்டு வருகிறது. களத்தில் நெல் கிடக்கிறது. நனைந்தால் ஈரப்பதம் கூடிவிடும். கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். விவசாயிக்கு அவசரம். '18 மூட்டை என்ன கணக்கு? 30 ஏற்று! வண்டி இழுக்கும்' என்கிறார்கள். இழுக்கும்தான்! கியரின் உதவியால் எஞ்சின் இழுத்துவிடும் என்பதை இப்போதுதான் பார்த்தோம். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் இழுப்பதைப் பார்த்து, வண்டி தாங்கும் என்று நம்பிவிடுகிறோம். சுமையின் எல்லையை விதிப்பவை சட்டம், அச்சு, வில், டயர், பிரேக் ஆகியவை.

30 மூட்டை என்றால் 1200 கிலோ. மொத்த எடை 1550-லிருந்து 2000 கிலோவாகிவிடும். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில், அதாவது நொடிக்கு 15 மீட்டரில், இயக்க ஆற்றல் எவ்வளவு? பாதி × நிறை × வேகத்தின் வர்க்கம். சரியான சுமையில் சுமார் 1,74,000 ஜூல். அதிகச் சுமையில் 2,25,000 ஜூல். இவ்வளவையும் பிரேக் உராய்ந்து வெப்பமாக்க வேண்டும். பிரேக்கின் விசை அதேதான் என்றால், 20 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி ஏறக்குறைய 26 மீட்டர் ஓடித்தான் நிற்கும். அந்த ஆறு மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் ஒரு சிறுவன் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் இந்த வண்டிகளின் தட்டில் ஆட்களை ஏற்றிச் செல்வதைப் பார்க்கிறோம். உங்களில் சிலர் ஏறியும் இருப்பீர்கள். 12 பேரின் எடை 720 கிலோ என்றால் அது 18 மூட்டையின் எடைதானே, இதில் என்ன தவறு என்று கேட்கலாம். எடை ஒன்றுதான், உயரம் வேறு! மூட்டைகள் தட்டில் தாழ்வாகப் படுத்திருக்கும். மனிதர்கள் நிற்பார்கள். ஆகவே வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே ஏறிவிடும். ஈர்ப்பு மையம் உயர உயர, வளைவில் வண்டி கவிழத் தேவையான வேகம் குறையும். போதாததற்கு, வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். கட்டி வைத்த மூட்டை அப்படிச் சாயாது. மோதினால் பிடித்துக்கொள்ள இருக்கையும் இல்லை, பட்டையும் இல்லை. சரக்கு வண்டியில் பயணிகளை ஏற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது இதற்காகத்தான். அடுத்த முறை யாராவது 'ஏறிக்கோ' என்று கூப்பிட்டால், இந்தக் கணக்கைச் சொல்லி மறுத்துவிடுங்கள். தம்பி தங்கைகளையும் ஏற விடாதீர்கள்.

சத்தமில்லாத யானை

2022-இல் குட்டி யானைக்கு மின்சார வடிவம் வந்தது. 36 குதிரைத்திறன் மோட்டார். முறுக்குவிசை 130 நியூட்டன்-மீட்டர். டீசல் எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றால்தான் முழு முறுக்கைக் கொடுக்கும். மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே கொடுத்துவிடும். அதனால் பல கியர்கள் தேவையில்லை. வண்டியிலிருந்து புகையும் இல்லை. மின்சாரம் எப்படித் தயாராகிறது என்பதைப் பொறுத்தே மொத்த நன்மை அமையும்.

அதே 2022-இல் அமெரிக்காவிலும் எஃப்-150 பிக்கப்பின் மின்சார வடிவம் விற்பனைக்கு வந்தது. நம் வண்டியின் மின்கலம் 21.3 கிலோவாட்-மணி, அதன் சிறிய மின்கலமே 98 கிலோவாட்-மணி. எரிபொருள் மாறினாலும் பழைய கதை மாறவில்லை, பார்த்தீர்களா? தூரமும் வேகமும் சொந்த எடையும் கூடினால் ஆற்றலின் தேவையும் கூடும். எந்த வண்டி உயர்ந்தது என்று கேட்பதற்குப் பதிலாக, எந்த வேலைக்கு எந்த வண்டி என்று கேட்பதே அறிவியல் நோக்கு.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஓர் அட்டையின் மேல் முழுத் தீப்பெட்டி ஒன்றைப் படுக்கையாக வையுங்கள். கீழே ஒரு நூலை ஒட்டி, அது வழுக்காமல் தடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்தி, எந்தச் சாய்வில் பெட்டி கவிழ்கிறது என்று குறியுங்கள். பிறகு அதே பெட்டியைச் செங்குத்தாக நிறுத்திச் செய்யுங்கள். எடை மாறவில்லை, கவிழும் சாய்வு மாறியது ஏன்?

2. சரக்கு வண்டிகளின் பக்கவாட்டில் வெற்று எடையையும் மொத்த எடையையும் எழுதியிருப்பார்கள். நின்றுகொண்டிருக்கும் மூன்று வண்டிகளில் அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்து, 40-ஆல் வகுங்கள். அந்த வண்டி ஏற்றக்கூடிய மூட்டைகளின் எண்ணிக்கை கிடைக்கும். ஓட்டுநருக்கு அது தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

விடை காணுங்கள்

1. 2000 கிலோ மொத்த எடையுள்ள வண்டி, பத்துக்கு ஒன்று என்ற சரிவில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏற எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? டயரின் எதிர்ப்பை 300 நியூட்டன் என்று கொள்க. 16 குதிரை எஞ்சினுக்கு எவ்வளவு மிச்சம் இருக்கும்?

2. வண்டியின் வேகம் மணிக்கு 54 கிலோமீட்டரிலிருந்து 27 ஆகக் குறைந்தால், இயக்க ஆற்றல் எத்தனையில் ஒரு பங்காகும்? பள்ளிக்கூடத்தின் முன் 'மெதுவாகச் செல்க' என்று எழுதியிருப்பதன் பொருளை இந்த விடையோடு சேர்த்துச் சிந்தியுங்கள்.